தொழில் முந்தி, கடன் பிந்தி: தேனி மாவட்ட ஊராட்சிக் கூட்டமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தேனி மாவட்டத்து மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புப் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்:

வேலையில்லாத ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ சொந்தத் தொழிலில் காலூன்ற மூன்று தேவை: விலைபோகும் சரக்கு அல்லது சேவை, அதைச் செய்யும் கைத்தேர்ச்சி, கையில் கொஞ்சம் முதல். கம்பம் பள்ளத்தாக்கில் மூன்றாவதைக் கொடுக்க ஆள் நிறைய உண்டு. வங்கி, மகளிர் குழு, வாரத் தவணை வசூலிக்கும் நுண்கடன் நிறுவனம், தண்டல்காரர் என வரிசை நீளம். முதல் இரண்டையும் பார்த்துக் கொடுப்பவர்கள் குறைவு. அதனால் பல வீடுகளில் கடன் முதலில் வந்துவிடுகிறது, தொழில் வந்து சேர்வதில்லை, தவணையோ தோட்டக் கூலியிலிருந்து போகிறது. இந்த வரிசையை நேராக்கும் இடம் ஊராட்சிக் கூட்டமைப்பு. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்ன படித்திருக்கிறது, யாருக்கு எங்கே கடன் நிற்கிறது என்பது வங்கி மேலாளரைவிடக் கூட்டமைப்புக்குத்தான் நன்றாகத் தெரியும்.

1996-ல் மதுரையிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட தேனி மாவட்டத்தின் பிழைப்பு பெரும்பாலும் தண்ணீரையும் மலையையும் ஒட்டியது. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில் கூடலூர் முதல் கீழே இருபோக நெல் விளைகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி வட்டாரத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல்கள், சின்னமனூர்ப் பக்கம் வாழையும் தென்னையும், ஆண்டிபட்டிப் பக்கம் முருங்கையும் நெசவும், போடியில் ஏலக்காய் வணிகம். விடிவதற்கு முன்பே கம்பம், தேவாரம், போடி தெருமுனைகளில் தூக்குவாளியோடு பெண்கள் காத்திருக்க, ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. ஆகவே இங்கே வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. இருப்பது பருவத்துக்குப் பருவம் மாறும் கூலி வேலை. பட்டமோ பட்டயமோ முடித்த பிள்ளைகள் அதற்குப் போகத் தயங்குகிறார்கள். திருப்பூர், கோவை, சென்னை என்று வெளியூர் போனவர்கள் போக, ஊரில் தங்கிவிட்டவர்கள் போட்டித் தேர்வுக்கும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிப்பதற்கும் ஆண்டுகளைச் செலவிடுகிறார்கள்.

அந்தப் பதிவு தரும் பண உதவி மிகச் சிறியது. பதிந்து ஐந்தாண்டு காத்திருந்து, குடும்ப வருமான வரம்புக்குள்ளும் வருபவருக்குத் தமிழக அரசு பொதுப் பிரிவில் தரும் உதவித்தொகை, பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்விக்கு 400, பட்டத்துக்கு 600 என்ற அளவில் அமைந்தது. அதுவும் மூன்றாண்டு வரைதான். கைச்செலவுக்கு உதவும் இந்தத் தொகை பிழைப்புக்கு வழி ஆகாது. வழி என்றால் அது பயிற்சியும் முதலும் சேர்ந்த ஏற்பாடாகத்தான் இருக்க முடியும்.

அந்த ஏற்பாட்டுக்கான அடித்தளம் மாவட்டத்தில் புதிதல்ல. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம், சில ஆண்டுகளில் தேனியும் அடங்கியிருந்த அன்றைய மதுரை மாவட்டத்துக்கு வந்தது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அதே பத்தாண்டுகளில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியக் குழுக்கள் கடமலைக்குண்டு பகுதியிலும் வேரூன்றின. மாதச் சேமிப்பு, குழுவுக்குள் உள்கடன், தீர்மான நோட்டு, தவணை ஒழுங்கு ஆகிய பழக்கங்கள் இப்படி ஒரு தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டன. குழுவில் சேமித்த தாய்மார்களின் பிள்ளைகளே இன்று வேலை தேடும் வயதில் இருப்பவர்கள். ஆனால் குழுவின் அமைப்பு தாயை மையமாக வைத்தது. பிள்ளையின் தொழிலுக்கென அதில் தனி இடம் இல்லை. தாயின் பெயரில் வாங்கிய கடன் மகனின் வண்டிக்கோ மகளின் கல்யாணத்துக்கோ போவதும் இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது சந்தை. எந்தத் தொழில் என்பதை இளைஞரின் ஆசையோ பயிற்சி நிலையத்தின் பட்டியலோ மட்டும் முடிவு செய்தால், ஒரே தெருவில் நான்கு தையல் கடைகளும் மூன்று அழகு நிலையங்களும் வந்து நிற்கும். பள்ளத்தாக்கில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பொருள்களைச் சுற்றிப் பார்த்தால் இடைவெளிகள் தெரியும். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்னும் பின்னும் காயைச் சல்லடையில் அளவு பிரிப்பது, நிறம் பார்த்துப் பொறுக்குவது, சில்லறைப் பொட்டலம் போடுவது ஆகியவற்றுக்குக் கை தேவைப்படுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பறித்த பழம் நெடுநாள் தாங்காது. விலை சரியும் வாரத்தில் சாறாகவும் ஜாமாகவும் மாற்றத் தெரிந்தவருக்கு அங்கே ஒரு தொழில் இருக்கிறது. 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட முருங்கைச் சிறப்பு ஏற்றுமதி மண்டலத்தின் ஏழு மாவட்டங்களில் தேனியும் ஒன்று. காய் விலை விழும் காலத்தில் இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்குவது கைகொடுக்கும்.

பொருள் உற்பத்தியைவிடக் குறைந்த முதலில் தொடங்கக்கூடியவை பழுதுபார்க்கும் தொழில்கள். மோட்டாருக்குச் சுருள் கட்டுதல், சொட்டுநீர்க் குழாய் சீரமைப்பு, மருந்து தெளிக்கும் கருவி பழுது நீக்குதல், ஜீப், இருசக்கர வாகன மெக்கானிக் வேலை, வீட்டு வயரிங், செல்போன் சர்வீஸ் எல்லாம் அந்த வகை. திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் நின்றால் அன்றைக்கே ஆள் வந்தாக வேண்டும். அதனால் இந்தத் தொழில்களில் காசு அன்றாடம் புழங்கும், வாடிக்கையும் பக்கத்து ஊர்களிலேயே கிடைக்கும். எந்த ஊராட்சியில் எந்தப் பழுதுக்குத் தேனிக்கோ கம்பத்துக்கோ ஓட வேண்டியிருக்கிறது என்று குழுக் கூட்டத்தில் கேட்டாலே பாதிச் சந்தை ஆய்வு முடிந்துவிடும்.

அடுத்தது பயிற்சி. மாவட்டத்தின் முன்னோடி வங்கியான கனரா வங்கி தேனியில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தை நடத்துகிறது. இந்தப் பயிற்சி முறை கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-ல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்தது. பிறகு மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அதை நாடெங்கும் மாவட்டத்துக்கு ஒன்றாகப் பரப்பியது. பயிற்சியும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். ஆடு, மாடு, காளான் போன்ற பண்ணைத் தொழில்களுக்கு ஏறக்குறைய பத்து நாள், தையல், செல்போன் பழுது, இருசக்கர வாகனப் பழுது போன்றவற்றுக்கு ஒரு மாதம் என்பது வழக்கமான கால அளவு. பயிற்சி முடித்தவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து விசாரித்து, வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவது இந்த முறையின் தனிச் சிறப்பு.

இத்தகைய பயிற்சிகளில் கைத்தொழிலோடு ஒரு விளையாட்டும் உண்டு. தரையில் ஒரு குச்சி நட்டு, கையில் வளையங்களைக் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் நின்று வீசுவது என்பதை ஆளுக்கு ஆள் முடிவு செய்யச் சொல்வார்கள். பக்கத்தில் நின்றால் விழும், ஆனால் மதிப்பெண் குறைவு. வெகுதூரத்தில் நின்றால் மதிப்பெண் அதிகம், விழுவது அதிர்ஷ்டம். முதல் சுற்றில் சிலர் குச்சியை ஒட்டி நிற்பார்கள், சிலர் சுவரோரம் போய் நிற்பார்கள். இரண்டாம் சுற்றுக்கு முன் எத்தனை வளையம் விழும் என்று முன்கூட்டிச் சொல்லச் சொன்னால், பலர் தங்கள் கைக்கு எட்டக்கூடிய நடுத்தூரத்துக்கு வந்துவிடுவார்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1964-ல் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் சிறு தொழில் செய்வோருக்கு நடத்திய சாதனை ஊக்கப் பயிற்சியின் வழியில் வந்தது இந்த முறை. தையல் இயந்திரம் ஓட்டக் கற்ற ஒருவர் ஒரு இயந்திரத்தோடு தொடங்குவதா, கடன் வாங்கி ஐந்து இயந்திரம் போடுவதா என்று முடிவெடுக்கும்போது உதவுவது ஊசி நூல் பாடத்தைவிட இந்த வளையப் பாடம்தான்.

பண்ணைத் தொழில்களுக்கு மாவட்டத்திலேயே வல்லுநர்கள் இருக்கிறார்கள். காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி, ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம், 2020-ல் தொடங்கிய தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகியவை அவை. தொழிற்பயிற்சி நிலையங்களும், 2022-ல் மாநில அரசு தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டமும் சம்பள வேலைக்குப் போக விரும்புவோருக்கு ஏற்றவை. எல்லோரையும் தொழில்முனைவோராக்க முயல்வது வீண். கடை வைக்க மனமில்லாதவரைக் கடனாளியாக்குவதைவிட நல்ல பட்டறையில் சம்பளத்துக்குச் சேர்ப்பது நன்மை. சான்றிதழ் வாங்கிய பிறகு ஆறு மாதமாவது அந்தத் தொழில் நடக்கும் கடையில் வேலை செய்து பழகுவதும் பயிற்சியின் ஒரு பகுதி. சரக்கு எங்கே வாங்குவது, யாருக்குக் கடன் சொல்லக் கூடாது, எந்த மாதம் வியாபாரம் மந்தம் என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும்.

கைத்தேர்ச்சி வந்த பிறகே முதல் தேவைப்படுகிறது. அதிலும் படிப்படியாக ஏறுவது நல்லது. முதல் படி, தாய் உறுப்பினராக இருக்கும் குழுவின் உள்கடன். கருவிப் பெட்டிக்கும் முதல் மாதச் சரக்குக்கும் அது போதும். அடுத்த படி, 2015-ல் தொடங்கிய முத்ரா கடனில் 50,000 ரூபாய் வரையிலான சிசு பிரிவு. இவற்றைத் தவிர, புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மானியக் கடன்களும் உண்டு. மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும், படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 15 லட்சம் ரூபாய் வரையிலான திட்ட மதிப்புக்குக் கடனும், அந்த மதிப்பில் 25 சதவீத மானியமும் உண்டு. மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் ஊரகப் பகுதியில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம்.

மானியக் கணக்கு பலருக்குத் தவறாகப் புரிந்திருக்கிறது. ஊராட்சி ஒன்றில் ஓர் இளம்பெண் பிரதமர் திட்டத்தில் 2 லட்சம் ரூபாய்க்குத் தையல் கூடம் தொடங்குவதாகக் கொள்வோம். சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 10,000 ரூபாய். மீதி 1,90,000 ரூபாயை வங்கி கடனாகத் தருகிறது. மானியம் 70,000 ரூபாய் அவர் கைக்கு வராது. அவர் கடனுக்கு எதிராக வங்கியிலேயே மூன்றாண்டு வைப்பில் இருக்கும். தொழில் நடந்துகொண்டிருப்பது உறுதியான பிறகே அது கடனில் கழிக்கப்படும். கடைசியில் அசலாக அவர் கட்டுவது 1,20,000 ரூபாயும் அதற்கான வட்டியும். இடையில் கூடத்தை மூடினால் மானியம் திரும்பிப் போய்விடும், முழுக் கடனும் தலையில் நிற்கும். மானியத்துக்காக மட்டும் தொடங்கிய தொழில்கள் அடிபடுவது இங்கேதான். சொத்துப் பிணை பற்றியும் தெளிவு வேண்டும்: குறுந்தொழிலுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

கடன் தொகையைவிடத் தொழிலை வாழவைப்பதும் கெடுப்பதும் தவணையின் தாளம். செல்போன் பழுதுபார்ப்பவருக்கு அன்றன்றைக்குக் காசு வரும். மாதத் தவணையோ வாரத் தவணையோ அவரால் கட்ட முடியும். பால் மாட்டுக்கு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை பணம் வரும், ஆனால் ஈன்று பத்து மாதம் போல் கறந்துவிட்டு மாடு வற்றிவிடும். அதனால் இரண்டு மாட்டுக்குக் கடன் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வாங்காமல், ஆறு மாத இடைவெளியில் வாங்குவது விவரம் தெரிந்தவர்களின் வழக்கம். ஒன்று வற்றும்போது மற்றொன்று கறக்கும். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம், குட்டி விற்பனைக்கு வளர இன்னும் ஆறேழு மாதம். முதல் வருமானத்துக்கு ஓராண்டு ஆகும். பன்னீர் திராட்சையில் கவாத்து செய்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய நான்கு மாதம். ஆட்டுக்கும் திராட்சைக்கும் வாரத் தவணைக் கடன் வாங்கினால் அந்த வாரத் தவணையை ஆடும் கட்டாது, கொடியும் கட்டாது. ஏலத்தோட்டக் கூலிதான் கட்டும்.

வீட்டு வாசலுக்கே வரும் நுண்கடன் இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. அதை அடியோடு தள்ளவும் வேண்டியதில்லை; மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்ற கந்துவட்டி ஆண்டுக்கு 120 சதவீதம் ஆகிறது, அதோடு ஒப்பிட்டால் நுண்கடன் மலிவு. ஆனால் வட்டியைச் சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீத நிலை வட்டி என்று சொல்லி இரண்டாண்டுக்கு 12,000 ரூபாய் சேர்த்தால், மாதத் தவணை சுமார் 2,583 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துவந்தும் வட்டி முழு 50,000-க்கும் போடப்படுவதால், குறையும் அசல் கணக்கில் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகள் கடன் வாங்குபவருக்குச் சில உரிமைகளைத் தருகின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்குப் பிணையின்றித் தரும் கடனே நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய விவரத் தாளைப் புரியும் மொழியில் தர வேண்டும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. தாமதத்துக்கு அபராதம் என்றால் தவறிய தொகைக்கு மட்டுமே. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொல்லை செய்யக் கூடாது. தவணைக் கால இடைவெளியை வாங்குபவரின் தேவைக்கேற்ப மாற்றித் தரவும் நிறுவனம் வழி வைத்திருக்க வேண்டும். கட்டாய வசூலைத் தண்டிக்கத் தமிழக சட்டமன்றமும் 2025-ல் தனிச் சட்டம் இயற்றியது. 2010-ல் ஆந்திரத்தில் ஒரே வீட்டுக்குப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக் கொடுத்த கடனும் அதற்கான வசூல் நெருக்கடியும்தான் இந்த விதிகளுக்கெல்லாம் பின்னணி.

கடன் மட்டும் வறுமையைப் போக்கும் என்ற நம்பிக்கையை ஆய்வுகளும் தணித்திருக்கின்றன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்ளோ உள்ளிட்டோர் ஹைதராபாத் குடிசைப் பகுதிகளில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், நுண்கடன் வந்த பகுதிகளில் குடும்பங்களின் சராசரி நுகர்வு உயரவில்லை. ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள் அதைப் பெருக்கினார்கள். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் வங்கதேசத்து பிராக் அமைப்பின் வழிமுறையைச் சோதித்தது. ஆடு, மாடு போன்ற தொழில் சொத்து, பயிற்சி, சில காலம் சாப்பாட்டுச் செலவு, சேமிப்பு, வீடு தேடி வந்து வழிகாட்டும் ஆள் ஆகிய எல்லாம் சேர்த்துத் தரப்பட்டபோது, திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் வருமானமும் நுகர்வும் கூடியே இருந்தன. பணத்தோடு பயிற்சியும் துணையும் சேரும்போதுதான் பலன் நிலைக்கிறது என்பதை இரண்டையும் சேர்த்துப் படித்தால் காணலாம்.

இவற்றிலிருந்து ஊராட்சிக் கூட்டமைப்பின் வேலை வரிசையாகத் தெளிவாகிறது. ஊராட்சியில் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட வேலையற்றோரின் பட்டியலைப் படிப்பு, விருப்பம், வீட்டுக் கடன் நிலையோடு தயாரிப்பது முதல் வேலை. ஊரில் எந்தச் சேவைக்கு ஆள் இல்லை, எந்தக் கடை ஏற்கெனவே மிகுதி என்பதை எழுதி வைப்பது இரண்டாவது. பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது எண்ணிக்கையை நிரப்பாமல் இந்த இரண்டு பட்டியலையும் ஒட்டி அனுப்புவது மூன்றாவது. பயிற்சி முடித்தவரைப் பட்டறையிலோ கடையிலோ பழகவிட்டு, முதல் ஆறு மாதத்துக்குச் சிறிய உள்கடன் தருவது நான்காவது. கணக்கு நோட்டைப் பார்த்த பிறகு வங்கிக்குப் பரிந்துரைப்பதும், தொழிலின் வருமான காலத்தை ஒட்டித் தவணை கேட்பதும் ஐந்தாவது.

இளம்பெண்களுக்குக் கூடுதல் ஏற்பாடு தேவைப்படும். கல்யாணமாகி வேறு ஊர் போனால் கடையும் கடனும் எங்கே நிற்கும் என்ற தயக்கத்தால் பல குழுக்கள் அவர்களுக்குத் தொழில் கடன் தருவதில்லை. எடுத்துப்போகக்கூடிய கருவியும், பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கும், போகும் ஊரின் கூட்டமைப்புக்கு ஓர் அறிமுகக் கடிதமும் இருந்தால் இந்தத் தயக்கத்துக்குக் காரணமில்லை. தோற்கும் தொழிலுக்கும் விதி வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து நட்டம் என்றால் புதுக் கடன் கொடுத்து இழுக்காமல், கருவியை விற்று அசலைக் குறைத்துக்கொள்ள உதவுவது குழுவுக்கும் நல்லது, இளைஞருக்கும் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவில் எத்தனை பேருக்கு எத்தனை லட்சம் கடன் என்பதோடு, இரண்டாண்டுக்கு முன் தொடங்கிய தொழில்களில் எத்தனை இன்னும் நடக்கின்றன, அவற்றின் தவணை தொழிலிலிருந்து போகிறதா கூலியிலிருந்து போகிறதா என்ற இரண்டு கணக்கும் வாசிக்கப்பட்டால், கடன் கொடுத்ததன் பலன் உறுப்பினர் எல்லோருக்கும் தெரியவரும்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கின் நலம் நாடுவோர்